கைக்குள் வைத்துத் தைத்த வில்லை

என் அண்ணனை வெட்டியவர் எங்களுக்கு வேண்டாதவர் இல்லை. வருஷா வருஷம் கோடையில் எங்கள் ஆடுகளைத் தன் காட்டில்தான் கிடை போட வேண்டும் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போகிறவர். கிடை போடுவது என்றால் மந்தை முழுவதையும் ஒரே காட்டில் அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் கரிசலுக்கு உரமாகும். எங்கள் பக்கத்தில் புஞ்சைக்குக் காடு என்றுதான் பெயர். அப்படி நல்லது பொல்லாததுக்கு வந்து போன மனிதர், ஒரு தை மாதம் பட்டப்பகலில், தன் உளுந்துக்குள் எங்கள் ஆடுகள் புகுந்துவிட்டன என்று அரிவாளோடு வந்தார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷங்கள் ஆகியிருக்கும். பொங்கல் லீவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். கோவில்பட்டியிலிருந்து மேற்கே பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். சுற்றிலும் எல்லாரும் உளுந்து பறித்துக் களத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பறித்த காட்டில் யார் ஆடும் மேயலாம், அது ஊர் வழக்கம். அவர் காடு ஒன்று மட்டும் ஆள் கிடைக்காமல் நடுவில் அப்படியே நின்றது. பறித்த காடு எது, பறிக்காத காடு எது என்று ஆடு விசாரித்துவிட்டா வாய் வைக்கும்?

முதலில் ஆட்டைத்தான் வெட்டினார். சினையாக இருந்த வெள்ளாட்டின் பின்னங்கால் ஒரே வீச்சில் தோலில் தொங்கியது. அது கத்தவில்லை, மூன்று காலில் நின்று அவரையே பார்த்தது. அடுத்த ஆட்டுக்கு அரிவாளை ஓங்கியபோது அண்ணன் குறுக்கே விழுந்து வலது கையை நீட்டினான். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் வெட்டு இறங்கியது. நான் கஞ்சி கொண்டு போயிருந்தேன். கல்லை எடுத்து எறியலாம் என்றால் கரிசலில் கல்லுக்கு எங்கே போவது? தூக்குச்சட்டியாலேயே அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து கஞ்சியும் ரத்தமுமாக உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை இன்னொரு தடவை அடித்தேன். தேவையில்லாத அடி என்று தெரிந்தேதான் அடித்தேன். இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

கேஸ் சமாதானத்தில் முடிந்தது. அவர் மூக்குக்கும் அண்ணன் கைக்கும் சரியாகப் போயிற்று என்று பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கையைத் தைத்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நரம்பு அறுந்துவிட்டது.

“நீங்க படிச்சவங்க, அதனால உங்ககிட்ட சொல்றேன். நரம்பைச் சேர்த்துத் தைச்சிருக்கேன். அது தைச்ச எடத்துல இருந்து புதுசா வளர்ந்து விரல் வரைக்கும் போகணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் தழும்புக்குக் கீழ விரலால தட்டிப் பாருங்க. ஷாக் அடிச்ச மாதிரி சுண்டு விரல் வரைக்கும் இழுத்துச்சுன்னா நரம்பு வளருதுன்னு அர்த்தம்.”

வீட்டில் வந்து, ஒரு வருஷம் ஆகும், பொறுத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஷாக் விஷயத்தைச் சொல்லவில்லை. வராமல் போய்விட்டால் தினமும் தட்டித் தட்டிப் பார்த்து மனம் வெந்துபோவானே என்று நினைத்தேன். நல்ல எண்ணத்தில் செய்த காரியம் அது. இந்தக் கதையில் நான் நல்ல எண்ணத்தில் செய்தது அது ஒன்றுதான்.

நான் அப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து அதுவரை போனது நான்தான், அந்தத் திமிரும் எனக்கு உண்டு. என் வேலை முழுக்க அரைப்பதும் நெரிப்பதும் சுடுவதும். இரண்டு பொடிகள். ஒன்று இரும்பும் கோபால்ட்டும் கலந்தது. காந்தம் பக்கத்தில் வந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். மற்றது ஈயம் கலந்தது. அதை நெருக்கினால் மின்சாரம் தரும். இரண்டையும் சேர்த்து அரைத்து, அச்சில் போட்டு டன் கணக்கில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, கடைசியில் சூடான எண்ணெய்க்குள் வைத்து ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ச்ச வேண்டும். பத்து வில்லைக்கு எட்டு உடையும். உடையாமல் வந்த வில்லை, காய்ச்சல் மாத்திரை அளவுக்கு, கறுப்பாக இருக்கும். மின்சாரம் எடுக்க அதன் இரண்டு முகத்திலும் வெள்ளி பூசுவோம். காந்தத்தை அதன் பக்கத்தில் ஆட்டினால் முதல் பொடி சுருங்கி இரண்டாவதை நெரிக்கும், நெரிபட்டது மின்சாரம் தரும். கம்பியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

இதை உடம்புக்குள் வைத்தால் என்ன என்று அந்தக் காலத்தில் உலகத்தில் சில பேர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். உடைந்த எலும்புக்குப் பக்கத்தில், அறுந்த நரம்புக்குப் பக்கத்தில் பொடியாக உள்ளே வைத்துவிட்டு, வெளியே இருந்து காந்தத்தால் உசுப்பிவிடலாம். எலிக்கு வைக்கலாமா என்பதே அப்போது பேச்சாகத்தான் இருந்தது. எனக்கு எலியெல்லாம் ஞாபகத்தில் இல்லை. அண்ணனின் இரண்டு விரல்கள்தான் ஞாபகத்தில் இருந்தன.

மாசியில் ஊருக்குப் போனபோது அந்த விரல்கள் இரண்டும் கொக்கி மாதிரி மடங்கிக் கிடந்தன. கொப்பை வளைத்து ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுகிற தொரட்டியை அவனால் பிடிக்க முடியவில்லை. பிடி நழுவும்போதெல்லாம் பக்கத்தில் எது நின்றாலும் உதைத்தான். கிடை நாயை உதைத்து அதன் விலா ஒன்று முறிந்துபோயிருந்தது. அதுவரை ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டிப் பேசத் தெரியாதவன் அவன். அம்மா அவன் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

“ஏட்டி, இங்கன வா” என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டான். போனேன். காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். தோல் கருகுகிற வாடை வந்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“பாத்தியா, வலிக்கவே இல்ல. இது எனக்கு எதுக்கு? வெட்டிப் போட்டுட்டா இடைஞ்சலாவது இல்லாம இருக்கும்லா.”

கையைப் பிடித்து இழுத்து, அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். நாலு வயது மூத்தவன். அடித்துவிட்டு நான்தான் அழுதேன்.

அடுத்த தடவை வரும்போது, ஃபிலிம் டப்பா ஒன்றில் நாலு வில்லைகளைப் போட்டு எடுத்துவந்தேன். மல்டிமீட்டரும் கொண்டுவந்தேன். கோவில்பட்டியில் மைக்செட் கடை ஒன்றில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டில் வில்லையை மீட்டரோடு சேர்த்து, பக்கத்தில் காந்தத்தை ஆட்டச் சொன்னேன். மீட்டரில் எண்கள் துள்ளின. அவன் காந்தத்தை நிறுத்தினான், எண்கள் அடங்கின. மறுபடி ஆட்டினான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் பல் தெரியச் சிரித்தான்.

“இதுக்குள்ள கரண்டு எங்கன இருந்து வருது?”

“நீ காந்தத்தை ஆட்டுத பாரு, அதுல இருந்துதான் வருது.”

“அப்ப ஏங் கை நரம்புக்கு இது கரண்டு குடுக்குமா?”

குடுக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். “குடுக்கும்னுதான் படிச்சவுகள்லாம் நெனைக்காவ” என்றேன்.

தழும்புக்குப் பக்கத்தில் வில்லையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, ஆடு மேய்க்கும்போது மேலே காந்தத்தை ஆட்டிக்கொண்டிருக்கச் சொன்னேன். வில்லை தருகிற சில மில்லிவோல்ட் தோலைக்கூடத் தாண்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சும்மா இருக்கிற மனதுக்கு ஒரு வேலை, நாயை உதைக்காமலாவது இருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஈயம் இருக்கிறது, வாயில் வைக்காதே, ஒட்டிய கையோடு சாப்பிடாதே என்று மட்டும் மூன்று தடவை சொன்னேன். உள்ளே வைக்காதே என்று சொல்லவில்லை. அப்படி ஒன்றை ஒருவன் செய்வான் என்று யாருக்குத் தோன்றும்?

சித்திரை கடைசியில் ஒரு நாள் மத்தியானம் விடுதிக்கு போன் வந்தது. அண்ணன்தான், கடைத்தெருப் போனிலிருந்து.

“ஏட்டி, அடிச்சிட்டு.”

“என்னது அடிச்சிட்டு?”

“ஷாக்கு. காந்தம் கை தவறித் தழும்புக்குக் கீழ டங்குனு பட்டுச்சு. சுள்ளுனு சுண்டு விரல் வரைக்கும் இழுத்துட்டு. திரும்பத் தட்டுனேன், திரும்ப இழுத்துச்சு. ஒன் வில்லை வேலை செய்யுதுட்டீ.”

அவன் குரல் அழுதுகொண்டிருந்தது. அந்த நொடியிலேயே டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ரெண்டு மூணு மாசம், தட்டிப் பாருங்க, ஷாக் அடிச்ச மாதிரி. ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. அது வில்லை இல்லை, உன் நரம்பு தானாக வளர்கிறது, சும்மா இரு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொன்னது வேறு.

“நிறுத்தாம செய்யிண்ணே” என்றேன்.

போனை வைத்துவிட்டு அறைக்குப் போய் நோட்டில் தேதி போட்டு எழுதினேன். தழும்பின் இடம், வில்லையின் எண், விரலில் உணர்வு. என் வில்லை ஒரு மனுஷனின் நரம்பை எழுப்பியிருக்கிறது என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை. அவனுக்கு விரல் வேண்டும் என்றிருந்த ஆசையைவிட என் ஆசை பெரிதாக இருந்தது. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

எங்கள் வீட்டில் எந்தப் புது மருந்தும் முதலில் ஆட்டுக்குத்தான். ஆட்டுக்கு ஒத்துக்கொண்டால் பிறகு மனுஷனுக்கு. டாக்டர் இருமலுக்கு எழுதிக் கொடுத்த சிரப்பையே அய்யா, எங்கள் அப்பா, கிடா ஒன்றின் வாயில் ஊற்றி, ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறோம். அண்ணனும் அந்த வழியில்தான் போயிருக்கிறான். தோலுக்கு மேல் வைத்ததற்கே இப்படி இழுக்கிறது என்றால், உள்ளே வைத்தால் சீக்கிரம் வந்துவிடும் அல்லவா? வைகாசியில் ஒரு கிடாவின் தொடையைக் கீறி, வில்லை ஒன்றை உள்ளே வைத்து, மஞ்சள் அப்பித் தைத்துவிட்டான். காயம் ஆறிவிட்டது. கிடா எப்போதும்போல முட்டிக்கொண்டு திரிந்தது. பதினெட்டு நாள் பார்த்திருக்கிறான். பத்தொன்பதாம் நாள், ஆட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து, சவர பிளேடால் தன் தழும்புக்குப் பக்கத்தில் கீறினான். இடது கையும் பல்லுமாகக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டான். அந்த இடத்திலும் தோல் மரத்துக் கிடந்ததால் வலிக்கவில்லை. வலிக்காததால்தான் உள்ளே சீழ் பிடித்ததும் தெரியவில்லை. முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் காந்தத்தை ஆட்டிக்கொண்டே ஆடு மேய்த்திருக்கிறான்.

அய்யா போன் பண்ணி, “அவனுக்குக் காய்ச்ச நிக்கல, பெனாத்துதான், உடனே வா” என்றார். தூத்துக்குடி பாசஞ்சரில் மணியாச்சிக்கு வந்து, அங்கே வண்டி மாறி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். சட்டையைக் கத்தரித்தேன். கை தொடை அளவுக்கு வீங்கி, வெண்கலமும் கறுப்புமாக இருந்தது. விரலால் அழுத்தினால் தோலுக்கு அடியில் நொறுநொறு என்று சத்தம் கேட்டது. செத்த எலியின் நாற்றம். தையலுக்கு நடுவில் என் வில்லையின் விளிம்பு தெரிந்தது. வெள்ளிப் பூச்சுக்கு மேல் நான் ஊசியால் கீறி எழுதிய எண்கூடத் தெரிந்தது.

“யாருலே இதைச் செஞ்சது?” என்று அய்யா கத்தினார்.

“நாந்தான். கிடாவுக்கு ஒண்ணும் ஆவலய்யா” என்றான்.

அய்யாவுக்கு எதுவும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் டப்பாவை எடுத்துக் காட்டி, நான் கொண்டுவந்ததுதான் என்று சொன்னேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி என்னை அடித்தார். தலையில், தோளில், முதுகில். தடுக்கவில்லை. அம்மாதான் நடுவில் விழுந்து, முதலில் அவனை ஆட்டோவில் ஏற்றுங்கள் என்று கூப்பாடு போட்டாள்.

முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியதே பெரிது என்றார்கள். எடுத்தவரும் அதே டாக்டர்தான். வெளியே வந்து கையுறையைக் கழற்றி வாளியில் வீசிவிட்டு, சத்தம் போடாமல் என்னிடம் பேசினார்.

“நல்லா வளர்ந்துக்கிட்டு இருந்த நரம்பும்மா அது. மணிக்கட்டுக்கிட்ட வந்திருக்கும். இன்னும் அஞ்சாறு மாசத்துல அவர் தொரட்டி பிடிச்சிருப்பார்.”

வீட்டுக்கு வந்ததும் கிடாவை அறுக்கச் சொன்னேன். அய்யா கழுத்தில் கத்தியை வைத்தார். தொடையைப் பிளந்து பார்த்தேன். வில்லையைச் சுற்றி வெள்ளையாக ஒரு மெல்லிய உறை கட்டி, சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டுச் சீழ் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செத்த கிடாவைக் காலால் உதைத்தேன். ஈயம் இறங்கியிருக்கும், கறி எடுக்க வேண்டாம், புதையுங்கள் என்றேன். கிடாவைப் புதைக்கிற குடும்பமும் உண்டா என்று கேட்டுக்கொண்டேதான் அய்யா குழி வெட்டினார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்த அன்று, கட்டுப் போட்ட தோளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“வேலை செஞ்சிதுல்லா ஒன் வில்லை? விரல் இழுத்துச்சே.”

“செஞ்சுதுண்ணே.”

“நான் வெட்டுனதுதான் சரியில்ல. கொட்டத்துல வச்சி வெட்டியிருக்கக் கூடாது. ஒம் மேல தப்பு இல்லட்டீ.”

கை போனவனிடம், ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலே கை வந்திருக்கும் என்று எந்த வாயால் சொல்வது என்று நினைத்தேன். அதுவும் ஒரு சாக்குதான். சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டான் என்ற பயம்தான் உண்மை. நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, உடம்பு, மருந்து என்ற பேச்சே இல்லாமல் ஆராய்ச்சியை முடித்தேன். பட்டமும் வந்தது. அண்ணன் ஒற்றைக் கையால் தொரட்டி பிடிக்கப் பழகினான். அடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் இழுப்பான். ஊரில் யார் கேட்டாலும், தங்கச்சி மருந்து நல்ல மருந்து, நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டேன் என்பான். டீக்கடையில் சொன்னான், பஸ்ஸில் சொன்னான். நாலைந்து வருஷம் அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு பெண்ணை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள், முப்பது வயதிருக்கும். மருந்து முக்குகிற இடத்தில் தீப்பிடித்து இடது கை வெந்து, விரல்களெல்லாம் ஒட்டிச் சுருண்டு போயிருந்தன. தொட்டால் தெரியவில்லை என்றாள்.

“இவியளுக்கு ஒரு வில்லை குடுட்டீ” என்றான் அண்ணன். “உள்ள வைக்கதை ஆஸ்பத்திரியில சுத்தமா வச்சிக்கிடலாம். நான் எல்லாம் சொல்லியிருக்கேன்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தோசைக்கல்லில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தபோது அவனுக்கு இருந்த அதே வயதுதான் அவளுக்கும் இப்போது. சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள்.

“வில்லையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது” என்று கத்தினேன். “அது வேலையே செய்யல. தோலுக்கு மேல வச்சதும் செய்யல, உள்ள வச்சதும் செய்யல.”

“விரல் இழுத்துச்சே” என்றான் அண்ணன்.

“ஒன் நரம்பு தானா வளந்துச்சு. அதான் இழுத்துச்சு. மூணு மாசத்துல அப்படி இழுக்கும்னு டாக்டர் எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாவ. நீ போன் பண்ணும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லல. நீ ஒண்ணும் செய்யாம இருந்திருந்தா, அந்த வருசம் முடியுததுக்குள்ள ரெண்டு விரலும் வந்திருக்கும்.”

அந்தப் பெண் வெந்த கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள். அண்ணன் எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளாமல் நின்றேன். இடது கையைத் தூக்கி, வலது தோளில் மடித்து ஊக்குக் குத்தியிருந்த சட்டைக் கையைத் தடவினான். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

“அப்ப நல்ல கையால்லாட்டீ இருந்திருக்கு” என்றான். “நான் அதைப் போயி அடுப்புல வச்சிச் சுட்டேனே.”